மார்கழிக் கட்டத்தில் எழுதிய பெயர்

திருச்சுழி வட்டாரத்தில் ஒரு வீட்டில் விசேஷம் என்றால் செல்லப்பாண்டியின் நாற்காலியில்தான் ஊர் உட்காரும். நரிக்குடி ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு, பந்தல் சாமான், பாத்திரம், சீரியல் லைட்டு என்று பதினாலு வருஷமாக வாடகைக்கு விடுகிறான். அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தும் களை வெட்டியும் காலம் தள்ளியவர்கள். அந்த வீட்டுப் பிள்ளை ஒரு லோடு வண்டி வாங்கி, முன் கண்ணாடிக்கு மேலே தன் பெயரை எழுதி ஓட்டுகிறான் என்றால் லேசுப்பட்ட காரியமா? வண்டி போனால் தொழிலும் போனது. பந்தல்காலைத் தலையில் சுமந்துகொண்டா அவன் ஊர் ஊராகப் போக முடியும்?

அந்த வண்டியைத்தான் ஈடு வைத்தான். எதற்கு? ஒரு ஐஸ் பெட்டிக்கு.

இப்போதெல்லாம் சாவு விழுந்தால் அன்றைக்கே எடுக்க முடிவதில்லை. மகன் கோயம்புத்தூரில் இருப்பான், மகள் ஓசூரில், பேரன் துபாயில். எல்லாரும் வந்து முகம் பார்க்கிறவரைக்கும் உடம்பு தாங்க வேண்டும். அருப்புக்கோட்டைக்கு போன் போட்டுப் பெட்டி வரவழைப்பதற்குள் பாதி நாள் ஓடிவிடும். நம்மிடமே ஒன்று இருந்தால் என்ன என்று செல்லப்பாண்டிக்குத் தோன்றியது. தோன்றியதில் தப்பே கிடையாது. பெட்டி எண்பத்தைந்தாயிரம். கையில் இருந்த இருபத்தைந்தாயிரத்தைக் கொடுத்து, மீதிக்கு வண்டியைக் காட்டி ஒரு ஃபைனான்ஸில் லோன் எடுத்தான். மாதா மாதம் ஐந்தாம் தேதி நாலாயிரத்து இருநூறு கட்ட வேண்டும். பெட்டிக்கு ஒரு நாள் வாடகை ஆயிரத்து ஐந்நூறு. மாதத்தில் மூன்று நாள் பெட்டி வெளியே போனால் தவணை கழிந்துவிடும்.

பெட்டி வெளியே போக வேண்டும் என்றால் யாராவது சாக வேண்டும். அதை மட்டும் அவன் அப்போது யோசிக்கவில்லை.

அந்தச் சித்திரையில் அருப்புக்கோட்டைக் கல்யாண மண்டபம் ஒன்றில் சிறுதொழில் செய்கிறவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். மதியச் சாப்பாடு உண்டு என்றதால் நல்ல கூட்டம். சுமதி என்று ஒரு மேடம் பாடம் நடத்தினார். கெட்டிக்காரி. வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் ஒரே சட்டைப்பையில் போடாதீர்கள், வேலை இருக்கிற மாதத்திலேயே வேலை இல்லாத மாதத்துக்கும் ஒதுக்கி வையுங்கள் என்று அவர் சொன்னதெல்லாம் தன் கொட்டகைக்குள் வந்து பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது அவனுக்கு. கடைசியில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அதில் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு கட்டம்.

"கண்டிப்பா வரும்னு தெரிஞ்ச வருமானத்த மட்டும் எழுதுங்க. ஆசைப்படுறத எழுதக் கூடாது. எழுதி முடிச்சு, கடையில தினமும் கண்ணுல படுற எடத்துல ஒட்டுங்க" என்றார்.

பக்கத்தில் இருந்த தையல்கடைக்காரப் பெண், பள்ளிக்கூடச் சீருடை என்று எழுதினாள். செல்லப்பாண்டிக்கு ஒரு பழக்கம் உண்டு. அவன் கணக்கில் தொகை தனியாக நிற்காது. ஆள் பெயரோடுதான் நிற்கும். பால்ச்சாமி மகள் கல்யாணம், வீரசோழன் கடை திறப்பு என்று எழுதினால்தான் அது அவனுக்கு வருமானம். வைகாசி, ஆவணி, தை எல்லாம் பெயர்களால் நிரம்பிவிட்டன. ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றும் காலியாகக் கிடந்தன. அந்த மாதங்களில் யார் கல்யாணம் வைப்பார்கள்? பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்டிப்பாகத் தெரிந்ததை எழுதச் சொல்கிறார் மேடம். அவனுக்குக் கண்டிப்பாகத் தெரிந்த மூன்று பேர் இருந்தார்கள். ஆடியில் தங்கத்தாய் என்று எழுதினான். இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடக்கிற கிழவி. புரட்டாசியில் மாரீஸ்வரன். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன லாரி டிரைவர். மார்கழியில் மொக்கையன், இரண்டு நாள், மூவாயிரம் என்று எழுதினான். மொக்கையன் சொந்தக் காட்டில் வெள்ளாமை பார்த்த சம்சாரி, இப்போது நெஞ்சுச் சளியோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

பாவி மனுஷன், கை கூசாமல் எழுதிவிட்டான். கணக்கு என்று உட்கார்ந்துவிட்டால் யாருக்குமே கை கூசுவதில்லை.

மேடம் ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டு வந்தார். "இந்த மொக்கையன் யாருங்க? மார்கழியில என்ன விசேஷம் வச்சிருக்காரு?"

"விசேஷம் இல்ல மேடம். பெட்டி."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. பின்னால் இருந்த மாட்டுத்தீவன வியாபாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மேடம் சிரிக்கவில்லை. தாளை மேசைமேல் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். செல்லப்பாண்டி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, கொட்டகையில் இருந்த இரும்பு பீரோவின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டினான்.

ஆடி மூன்றாம் வெள்ளி காலையில் தங்கத்தாய் போய்ச் சேர்ந்தாள். போனை வைத்ததும் செல்லப்பாண்டிக்கு வந்த முதல் நினைப்பு, தவணைக்கு ஆச்சு என்பதுதான். பெட்டிக்கு வயர் எடுக்க பீரோவைத் திறந்தான். ஆடிக் கட்டத்தில் அவள் பெயர் இருந்தது. வயரைக் கையில் பிடித்தபடி வீட்டுக்குள் போய்ப் பெண்டாட்டி நாகஜோதியிடம் சொன்னான்.

"எம்பத்தி நாலு வயசு அதுக்கு. நீ எழுதித்தான் செத்துச்சாக்கும்" என்றாள் அவள். "ஒனக்கு அம்புட்டுச் சக்தி இருந்தா, ஐப்பசியில எனக்கு ரெண்டு பவுனுன்னு எழுது பாப்போம்."

சிரித்துக்கொண்டேதான் வண்டியை எடுத்தான். ஆனால் புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை மாரீஸ்வரன் போனபோது அந்தச் சிரிப்பு எங்கே போனதோ தெரியவில்லை. அந்த ஆளுக்கு ஐம்பது வயதுகூட நிறையவில்லை. பெட்டியை நடுவீட்டில் வைத்து செல்லப்பாண்டி நிமிர்ந்தபோது, மாரீஸ்வரனின் மகள் தங்கச்செல்வி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து நல்லாத்தான் மாமா சோறு சாப்புட்டாக. திங்கக்கிழம மதுரைக்கு வண்டி பேசியிருந்தோம். எப்பிடி மாமா?"

அவனிடம் கேட்டால் அவன் என்ன சொல்வான்? கையை உருவிக்கொண்டு வெளியே வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

அதிலிருந்துதான் பிடித்தது அந்தச் சனியன். பஸ் ஸ்டாண்டில் யாராவது இருமினால் திரும்பிப் பார்ப்பான். டீக்கடையில் வயசாளி யாரையாவது கண்டால், "சௌக்கியமா இருக்கீகளா? பிள்ளைக எங்க இருக்காக?" என்று விசாரிப்பான். எவ்வளவு பாசமான பையன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பிள்ளைகள் தூரத்தில் இருந்தால் இரண்டு நாள், வெளிநாட்டில் இருந்தால் மூன்று நாள் என்று அவனுக்குள் ஓடுவது யாருக்குத் தெரியும்? கேட்டுவிட்டுத் தன்னைக் கண்டு தானே பயந்தான். ஒரு நாள் அந்தத் தாளைக் கிழித்துவிடலாம் என்று பீரோவரைக்கும் போனான். இரண்டு பெயர் பலித்த பிறகு அதைத் தொடத் துணிவு வரவில்லை. கிழித்தால் அது வேறு எதையாவது கொண்டுவந்தால்? உள்ளே இருந்த வயரை எல்லாம் வெளியே ஆணியில் மாட்டிவிட்டு பீரோவைப் பூட்டினான். அப்புறம் திறக்கவே இல்லை.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை விடாமல் பெய்தது. காடு கரைக்கு நல்லது. செல்லப்பாண்டிக்கு மண். கல்யாணக்காரர்கள் எல்லாம் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். மண்டபத்தில் நாற்காலி, பாத்திரம் எல்லாம் அவர்களிடமே இருக்கிறது. தை மாதக் கல்யாணங்களுக்கு வாங்கிய அட்வான்ஸைக் கார்த்திகையிலேயே தின்றாயிற்று. நாகஜோதியின் தோடு ஏற்கெனவே அடகில். கடன் கேட்காத ஆள் பாக்கியில்லை. இரண்டு தவணை நின்றுபோனது. ஃபைனான்ஸிலிருந்து காளீஸ்வரன் வந்தான். நல்ல பையன்தான்.

"அண்ணே, ஜனவரி அஞ்சுக்குள்ள ஒரு தவணையாச்சும் கட்டிருங்க. மூணாவதும் நின்னா வண்டிய எடுத்துட்டு வரச் சொல்லிருவாக. எங் கையில ஒண்ணும் இல்லண்ணே."

செல்லப்பாண்டியிடம் ஆயிரத்து இருநூறு இருந்தது. இன்னும் மூவாயிரம் வேண்டும். மூவாயிரம் என்று மனதுக்குள் சொன்னதும் பூட்டிக் கிடந்த பீரோவை ஒருதரம் திரும்பிப் பார்த்தான்.

மறுநாள் மத்தியானம் ஒரு ரொட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மொக்கையன் வீட்டுக்குப் போனான். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். செல்லப்பாண்டியின் ஆத்தாள் பருத்தி எடுத்தது அவர் காட்டில்தான். ஐம்பது நாற்காலியோடு அவன் கடை போட்டு, ஒருத்தரும் எட்டிப் பார்க்காமல் கிடந்தபோது, பேத்தி காதுகுத்துக்கு அத்தனையையும் எடுத்து, முழு வாடகையையும் முதல்நாளே கையில் வைத்தவர் அவர். அப்பேர்ப்பட்ட மனிதர் பெயரைத்தான் எழுதியிருக்கிறான்.

மொக்கையன் கட்டிலில் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். மூச்சு விடுவது வாசல்வரைக்கும் கேட்டது. அவர் பெண்டாட்டி மூக்கம்மாள் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

"வாப்பா. ஆஸ்பத்திரியில இருந்து வந்து இருவது நாளாச்சு. பாக்கணும்னு வந்தவன் நீ ஒருத்தன்தான்" என்றார் மொக்கையன். "தொழிலு எப்பிடிப் போகுது?"

"போகுதுய்யா."

"போகுதுன்னா மொகம் ஏன் இப்பிடிக் கெடக்கு?"

அவ்வளவுதான். செல்லப்பாண்டி உடைந்துபோனான். லோனு, வண்டி, வேலையில்லாத மூன்று மாதம், தாள், தங்கத்தாய், மாரீஸ்வரன் என்று ஒன்று விடாமல் கொட்டிவிட்டான். உங்கள் பெயரையும் எழுதியிருக்கிறேன் என்பதையும் சொன்னான். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்த மாசம்?" என்று கேட்டார் மொக்கையன்.

"மார்கழி."

"எம்புட்டு?"

"ரெண்டு நாளு. மூவாயிரம்."

கிழவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, மூக்கம்மாள் ஓடிவந்து முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. மூச்சு திரும்பியதும் சொன்னார். "எம் மூத்தவன் மேலக்காட்ட எழுதி வச்சிருக்கான். எளையவன் இந்த வீட்ட எழுதி வச்சிருக்கான். தாளுல எழுதல, மனசுல. எல்லாத்துலயும் கொறச்சு எழுதுனவன் நீதான்ப்பா."

"இன்னைக்கே கிழிச்சுப் போட்டுர்றேன்யா."

"கிழிக்காத. அஞ்சாந்தேதி கட்டணும்ல?"

சொல்லிவிட்டு அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார்.

அன்றிலிருந்து செல்லப்பாண்டி கும்பிடாத சாமி இல்லை. ஆறாம் தேதிவரைக்குமாவது அவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது, வண்டி போனால் போகட்டும் என்று வாய்விட்டே வேண்டினான். உண்மையாகத்தான் வேண்டினான். மூன்றாம் தேதி காலையில் போன் வந்தது. பேசியது மூக்கம்மாள்.

"பெட்டிய எடுத்துட்டு வாப்பா. அவுக போயிட்டாக."

மூத்த மகன் கோயம்புத்தூரிலிருந்தும் இளையவன் சென்னையிலிருந்தும் வந்து சேர, நாலாம் தேதி மத்தியானம்தான் எடுத்தார்கள். சரியாக இரண்டு நாள். எல்லாம் முடிந்ததும் மூத்தவன், "கணக்கப் பெறகு பாப்போம்ணே, நீங்க நம்ம வீட்டு ஆளுதான" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். செல்லப்பாண்டிக்கு அதில் நிம்மதிதான். இந்த வீட்டில் ஒரு பைசா வாங்குவதில்லை என்று அவன் ஏற்கெனவே முடிவு செய்திருந்தான். நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது மூக்கம்மாள் மாட்டுக்கொட்டம் பக்கமாக அவனைக் கூப்பிட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஆறு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை நீட்டினாள்.

"நீ வந்துட்டுப் போன அன்னைக்கே எங்கிட்டக் குடுத்து வச்சாக. மகன்ககிட்டக் கேட்டு நிக்க வேணாம், அவனுக இழுத்தடிப்பானுக, செல்லப்பாண்டி கணக்கு பொய்யாப் போயிறக் கூடாதுன்னு சொன்னாக."

"வேணாம்த்தா." ஒரு எட்டுப் பின்னால் போனான். பிறகு கேட்டே விட்டான். "ஆத்தா, மருந்து மாத்திரையெல்லாம் ஒழுங்காச் சாப்புட்டாகளா?"

"எங் கையாலதான் குடுத்தேன்."

அவள் முகத்தைப் பார்த்தான். அதில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவளே பணத்தை அவன் சட்டைப்பையில் திணித்தாள். கை தானாகப் போய் அதை எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடும் என்று நினைத்தான். கொடுக்கவில்லை. மறுநாள் ஐந்தாம் தேதி.

"ஏப்பா, என்னய எந்த மாசத்துல எழுதியிருக்க?" என்று கேட்டாள் மூக்கம்மாள்.

"ஒங்க பேர எழுதலத்தா. சத்தியமா எழுதல."

அவள் காலியான முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"எழுதிக்க. ஆடியில வேலை இருக்காதுன்னு சொன்னேல்ல. அவுக இல்லாம ஒத்தையில கெடந்து நான் என்ன செய்யப் போறேன்."

செல்லப்பாண்டி வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தான். வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டேதான் போனான். ஆனால் வண்டி மெயின் ரோட்டில் ஏறுவதற்குள், மூத்தவன் கோயம்புத்தூர், இளையவன் சென்னை, ஆடி, இரண்டு நாள் என்று அவன் மனது எழுதி முடித்திருந்தது.