மூன்றாவது துண்டு

இது நடந்தது. பேய் என்றால் நடுராத்திரி, புளியமரம் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். ஜனனிக்கு இது நடந்தது பட்டப்பகலில். ஏசி அரங்கத்தில், இருநூறு கண் மருத்துவர்களுக்கு நடுவில். காலை 11.40க்கு. அந்த நேரம் அன்றைய நிகழ்ச்சி நிரலிலேயே அச்சாகியிருக்கிறது.

ஜனனி திருப்பூரில் ஒரு கண் மருத்துவமனையில் ஜூனியர் டாக்டர். வயது இருபத்தேழு. பெருமாநல்லூர் ரோட்டில் நடந்த கண் மருத்துவ மாநாட்டில் அவள் எட்டு நிமிடம் பேச வேண்டும். பனியன் கம்பெனிகளில் கண்ணில் படும் காயங்களைப் பற்றி. முதல் மேடை. ஒரு வாரமாகவே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மேடை பயம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

காரணம் வேறு.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை. மாலை 6.50. வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள். மண்ணரையிலிருந்து பழனியம்மாள் என்ற டெய்லர் வந்தார். நாற்பத்து மூன்று வயது. ஓவர்லாக் தையல் மிஷினில் ஊசி உடைந்து, இடது கண்ணில் ஏதோ தெறித்திருந்தது. கையில் ஒரு வெள்ளைத்தாள். அதில் செலோடேப்புக்கு அடியில் ஊசியின் இரண்டு துண்டுகள். கம்பெனிகளில் அது கண்டிப்பான விதி. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்துப் பதிவேட்டில் ஒட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் மிஷின் ஓடும். இல்லாவிட்டால், எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தையின் சட்டைக்குள் அது போய்ச் சேர்ந்துவிடும்.

"மூணா உடைஞ்சுதுங்க டாக்டரம்மா. மொனை மட்டும் கெடைக்கல. கண்ணுக்குள்ள இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க. கெடச்சாத்தான் மிஷினை ஓட்ட உடுவாங்க."

ஜனனி விளக்கடித்துப் பார்த்தாள். லேசான சிவப்பு. எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும். எக்ஸ்ரே அறையைப் பூட்டப் பத்து நிமிடம் இருந்தது. வெளியே அறுபது பேர்.

"ஒண்ணும் இல்லீங்க. மருந்து விடுங்க, சரியாயிடும்."

"அப்படீங்களா... ரொம்ப நன்றிங்க." கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஆறாம் நாள் கோவையில் அந்தக் கண்ணையே எடுத்தார்கள். ஊசி முனை உள்ளே இருந்தது.

செய்தி வந்த அன்று மதியம், ஜனனி பழனியம்மாளின் கேஸ் ஷீட்டைத் தேடியெடுத்தாள். கடைசி வரிக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அன்று எழுதிய அதே நீலப் பேனாவால் எழுதினாள். 'எக்ஸ்ரே எடுக்கச் சொன்னோம். நோயாளி மறுத்துவிட்டார்.'

தலைமை டாக்டர் செந்தில்வேல் அதைப் படித்தார். "நல்லவேளை, எழுதி வெச்சிருக்கறே. இதையே கான்பரன்ஸ்ல பேசு."

பேச வந்துவிட்டாள்.

"ஏம்மா, ஊசி போடறப்பகூட இப்படி நடுங்கமாட்டியே!" முன் வரிசையிலிருந்து செந்தில்வேல் கிண்டலடித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

11.40. விளக்குகள் அணைந்தன.

11.42. லேப்டாப்பின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டாள். பஞ்சு. பனியன் கம்பெனிக்குள் பறக்குமே, அந்தப் பஞ்சு. துடைத்தாள். ஒரு ஸ்லைடு பேசிவிட்டுக் குனிந்தாள். மறுபடியும் படிந்திருந்தது.

11.43. மிஷின் எண்ணெய் வாடை. ஒலிபெருக்கியில் ஒரு சத்தம். டர்ர்ர்... நின்றது. டர்ர்ர்ர்... யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

11.44. பழனியம்மாளின் கண் திரையில் வந்தது. அரங்கம் முழுவதும் திரையைப் பார்த்தது. மூன்றாம் வரிசையில் ஒரு முகம் மட்டும் ஜனனியைப் பார்த்தது.

தலையில் துணி. இடது கண்ணில் வெள்ளைக் கட்டு. மடியில் ஒரு தாள்.

யார் உள்ளே விட்டார்கள்? நியாயம் கேட்க வந்திருக்கிறாரா? அடுத்த ஸ்லைடில்தான் அந்த வரி. இப்போதே சொல்லிவிடலாம். நான் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லவே இல்லை என்று...

செந்தில்வேல் வாட்ச்சைத் தட்டிக் காட்டினார்.

அடுத்த ஸ்லைடுக்கான பொத்தானை அழுத்திவிட்டாள்.

பழனியம்மாள் எழுந்தார். கையில் மைக் இல்லை. குரல் ஒலிபெருக்கியில் வந்தது. மெதுவாக. மரியாதையாக.

"நான் வேண்டாம்னு சொல்லலீங்களே, டாக்டரம்மா..."

யாரும் திரும்பவில்லை.

ஜனனி வாயைத் திறந்தாள். அந்த வரிதான் வந்தது.

"நோயாளி மறுத்துவிட்டார்."

டிக்.

ஜனனியின் இடது கண்ணில் சுருக்கென்று...

11.46.

விளக்குகள் எரிந்தன. கைதட்டினார்கள். மூன்றாம் வரிசையில், அதே நாற்காலியில், ஒரு வயதான டாக்டர் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அந்த இடத்தைவிட்டு எழவே இல்லை என்றார்.

கண்காட்சிக்கு வைத்திருந்த கருவியில் செந்தில்வேல் அவள் கண்ணைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. மருந்து விடு, சரியாயிடும்."

1.25க்கு, கேஸ் ஷீட்டில் இருந்த கம்பெனி எண்ணுக்குப் போன் செய்தாள். எடுத்தவர் சூப்பர்வைசர் மகுடேஸ்வரன்.

"பழனியம்மாளுங்களா? அவிங்க போயி இருவத்தி மூணு நாளாச்சுங்களே. ரோட்டைத் தாண்டறப்ப எடது பக்கம் வந்த பஸ்ஸு தெரியலீங்க..."

ஜனனி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"டாக்டருங்களா பேசறீங்க? உங்களைத்தான் கேக்கோணும்னு இருந்தனுங்க. அந்த மொனையைக் கோயமுத்தூர்ல எடுத்துக் குடுத்தாங்க. பதிவேட்டுல மூணாவது துண்டா ஒட்டி வெச்சிருந்தோம். இன்னைக்குப் பதினொன்னரைக்கு ஆடிட்டுக்காரரு பாத்தாருங்க, இருந்துச்சு. பன்னெண்டுக்குப் பாத்தாக் காணோம். டேப்பு பிரியவே இல்லீங்க, அப்படியே இருக்குது... கேசு கீசுன்னு ஆராச்சும் அதை உங்ககிட்டக் கொண்டாந்தாங்களா?"

அவளுடைய இடது கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது.

"இல்லீங்க."

இதுவரை நான்கு எக்ஸ்ரே, இரண்டு ஸ்கேன். எதிலும் எதுவும் தெரியவில்லை. குத்தல் மட்டும் நிற்கவில்லை. கேஸ் ஷீட்டில் அந்த வரி அப்படியே இருக்கிறது.

மண்ணரையில் அன்று நிறுத்திய அந்த மிஷினை இன்னும் ஓட்ட விடவில்லை. முனை கிடைக்கவில்லை.