விழுவதற்கென்றே கட்டிய சுவர்

எங்கள் வீட்டுக்கு ஏழு படி. கோட்டுச்சேரியில் எங்கள் தெருவில் வேறு எந்த வீட்டுக்கும் மூன்றுக்கு மேல் கிடையாது. காய்கறிப் பையோடு ஏறி இறங்கி என் முழங்கால் போனதுதான் மிச்சம். கேட்டால், தண்ணீர் வந்தால் தெரியும் என்பார் என் கணவர். பதினெட்டு வருஷமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவர் பெயர் தெட்சிணாமூர்த்தி. குரும்பகரத்து விவசாயக் குடும்பம், அரசாங்கத்தில் கட்டட ஓவர்சியர். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்க மாட்டார். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று மண்டபத்துத் தரையைப் பார்ப்பார். இந்த மனிதரோடுதான் முப்பது வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன்.

சுனாமிக்கு இரண்டு வருஷம் கழித்து, கருக்களாச்சேரிக்குப் பக்கத்தில், வடிகால் கடலில் சேரும் இடத்தில் ஒரு படகுப் பூங்கா வந்தது. கட்டடத்தைக் கட்டி முடிக்கும் பொறுப்பு இவருக்கு. பத்தடித் தூண்கள் மேல் ஒரு பெரிய கூடம், நாலு பக்கமும் ஜன்னல், பகலில் விளக்கே வேண்டாம். கீழே ஒன்றும் கிடையாது. வெள்ளம் வந்தால் தூண்களுக்கு நடுவே புகுந்து போய்விடும். ஊர் ஜனம் மேலே ஏறிக்கொள்ளலாம். வேலையில் சேர்ந்த நாளாக இப்படி ஒரு கட்டடத்துக்குத்தான் காத்திருந்தவர் போல, சோறு தண்ணீர் இல்லாமல் அலைந்தார்.

நம் ஜனங்களுக்குக் காலி இடத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? முதலில் மோட்டார் சைக்கிள் வந்தது. பிறகு வலை. அப்புறம் ஒரு டீக்கடை பெஞ்சு, கூடவே ஒரு கட்சிக் கொடி. இவர் தினமும் போய்ச் சண்டை போட்டு எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டு வருவார். கடைசியில், பார்வையிட வந்த ஒரு பெரிய மனிதர், கீழே இப்படித் திறந்து கிடந்தால் பாதியில் நின்றுபோன வீடு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி டிக்கெட் கவுண்டரும் ஸ்டோர் ரூமும் ஆக்கும்படி மேலதிகாரி சோமசேகரன் உத்தரவு போட்டுவிட்டார்.

சுவர் வைத்தால் தண்ணீர் அதில் முட்டும், தூண்களையும் சேர்த்துத் தள்ளும், அடிமண்ணை அரிக்கும் என்று இவர் மூன்று முறை எழுதிக் கொடுத்தார். மூன்று முறையும் ஒரு கையெழுத்தோடு அப்படியே திரும்பி வந்தது.

அதன் பிறகு இவர் செய்த காரியம்தான் என் வயிற்றெரிச்சல். கொத்தனார் முத்து முகம்மதுவைக் கூப்பிட்டு, நாலரை அங்குலச் சுவராக, கலவையில் சிமென்டைக் குறைத்து, தூணோடு எங்கும் சேராமல் விரல்கடை இடைவெளி விட்டுக் கட்டச் சொன்னார். வெள்ளம் வந்தால் சுவர் மட்டும் போகும், கட்டடம் நிற்கும் என்பது கணக்கு. கொத்தனாருக்கு மனசு வரவில்லை.

"இப்புடிக் கட்டுனா எம்பேரு கெட்டுடும் சார்."

"சுவரு விழுந்தா எம்பேருதான் கெடும். நீங்க கட்டுங்க பாய்."

சாப்பிடும்போது இதை என்னிடம் சாவகாசமாகச் சொன்னார். ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கிறது, இத்தனை வருஷம் ஒரு கெட்ட பெயர் இல்லாமல் இருந்துவிட்டு இப்போது எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கத்தினேன். ரசம் கேட்டார்.

2008 நவம்பர் மழை யாரையும் விடவில்லை. கருக்களாச்சேரியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததும் நாற்பது குடும்பம் அந்தக் கூடத்தில் ஏறியது. இவரும் என்னைத் தனியே விட்டுவிட்டு அங்கே போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் மதியம் கீழே சுவர் முழுக்க இடிந்து விழுந்ததாம். கட்டடமே போகிறதென்று எல்லோரும் அலறியிருக்கிறார்கள். எங்களுக்கு மீன் கொண்டுவரும் குஞ்சம்மாள் பிற்பாடு சொன்னாள்: "நாங்க கொலதெய்வத்தைக் கூப்புடுறோம் டீச்சர், ஒங்க வூட்டுக்காரரு சிரிச்சிக்கிட்டு நிக்கிறாரு."

ஒரு தூண் அசையவில்லை. ஒரு உயிர் போகவில்லை. அதற்கு அலுவலகம் கொடுத்த பரிசு ஒரு மெமோ. தரமற்ற சுவர் கட்டியதற்கு விளக்கம் தர வேண்டுமாம். போகிற நேரத்தில் ஓவர்சியர் சிமென்டை விழுங்கிவிட்டார் என்று ஊரும் பேசியது. எனக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை.

சோமசேகரன் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர்தான், அதுதான் கொடுமை. கொத்தனார் ஏமாற்றிவிட்டான் என்று ஒரு வரி எழுதினால் போதும், விஷயத்தை முடித்துவிடலாம் என்றார். நானும் மனசுக்குள் எழுதிவிடுங்கள் என்றுதான் வேண்டிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இவர் எழுதியது வேறு: "விழ வேண்டும் என்றே நான்தான் அப்படிக் கட்டச் சொன்னேன். அது விழுந்ததால் கட்டடம் நின்றது." முதல் வாக்கியத்தை மட்டும் படித்துவிட்டு விசாரணை வைத்தார்கள்.

அடுத்த ஜூனில் ஓய்வு பெற்றார். விசாரணையில் இருப்பவருக்கு மாலை போட யாருக்கும் தைரியம் வரவில்லை. வழக்கமான பஸ்ஸில் வந்து இறங்கினார். அதற்குள் அங்கே புதுச்சுவர் எழும்பியிருந்தது. ஒன்பது அங்குலம், தூணோடு கம்பி போட்டுப் பிணைத்து, நடுவே காங்கிரீட் பெல்ட் வைத்து. இனி நூறு வருஷத்துக்கு விழாது என்று சோமசேகரன் போனில் சொன்னார். இவர் போனை என்னிடம் நீட்டிவிட்டார்.

ஐப்பசி பிறந்து வானம் கறுத்த ஒரு காலையில் குஞ்சம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, இந்தத் தடவை மழை பிடித்தால் முன்னாடியே போய்ப் படகுப் பூங்கா மாடியில் இடம் பிடித்துக்கொள்ளலாமா என்று இவரிடம் கேட்டாள்.

"வேணாம்மா. யாரும் அதுல ஏறாதீங்க. டவுனுக்குப் போயிடுங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். குஞ்சம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். ஆபீஸ்காரர்கள் மேல் இருக்கிற கோபத்தில் சொல்கிறாரா என்று மெதுவாகக் கேட்டாள்.

இல்லை என்றேன்.