நான் துடைத்த தழும்பு

ஒரு தடவை பார்த்த முகத்தை மறக்கவே மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். சிதம்பரம் மேல வீதியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். முகம்தானே என் பிழைப்பு! அந்தத் திமிர் ஒரு மனுஷனை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தது.

2008 வாக்கில் ஒரு காலை, கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்த டீச்சரம்மாவின் செயினை, கறுப்பு பைக்கில் வந்த ஒருவன் அறுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் பறந்தான். அந்தம்மா கீழே விழுந்து முழங்கையெல்லாம் ரத்தம். அவன் முகத்தை நான் பார்த்தது ஒரு தும்மல் போடும் நேரம்கூட இருக்காது.

ஸ்டேஷனில் ஏட்டு கேட்டார்: “மொகத்துல மச்சம், தழும்பு எதாச்சும் இருந்துச்சா?”

தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போட்டோக்காரன் அப்படிச் சொல்லலாமா? “ஒண்ணும் இல்ல சார். சுத்தமான மொகம்” என்றேன். அவர் அதை எழுதிவிட்டு, எல்லாச் சாட்சிக்கும் எழுதுகிற வரியையும் சேர்த்தார்: ‘அந்த நபரை இதற்கு முன் எனக்குத் தெரியாது. மீண்டும் பார்த்தால் அடையாளம் காட்டுவேன்.’ படித்துப் பார்த்தேன். நானே சொன்ன மாதிரிதான் இருந்தது.

கொஞ்ச நாளில், கீரப்பாளையத்தைச் சேர்ந்த லோடு வேன் டிரைவர் ஒருவனைப் பிடித்தார்கள். அவனிடமும் கறுப்பு பைக் இருந்தது. கடலூர் ஜெயிலில் அடையாள அணிவகுப்புக்கு என்னை வரச் சொன்னார்கள். மாஜிஸ்ட்ரேட் முன்னால் ஒரே உயரம், ஒரே மீசை என்று வரிசையாக ஆட்கள். யாரென்று தொட்டுக் காட்ட வேண்டும். இடத்தை மாற்றி மாற்றி மூன்று தடவை நிற்க வைப்பார்கள். மூன்று தடவையும் தயங்காமல் ஒரே ஆளைத் தொட்டேன். தொட்டபோது அவன் தோள் நடுங்கியது. குற்றம் செய்தவன் நடுங்கத்தானே செய்வான் என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் திரும்பும்போது, சொன்னால் வெட்கம், நெஞ்சு நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

கேஸ் கோர்ட்டுக்கு வருவதற்கு முந்தின வாரம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். அவன் மனைவி. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“சாட்சியக் கலைக்க வந்தியா? கெளம்பு மொதல்ல!”

அவள் நகரவில்லை. ஒரு கவரை மேசைமேல் வைத்தாள். என் ஸ்டூடியோ பெயர் அச்சிட்ட கவர். “அவர இதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களாம், வக்கீல் சொன்னாரு. லைசென்ஸுக்கு இங்கதானேண்ணே போட்டோ எடுத்துக்கிட்டாரு?”

உள்ளே இருந்த போட்டோவை எடுத்துப் பார்த்தேன். அவன்தான். “அதுல தழும்பே இல்ல பாருங்க” என்றாள். “நெஜத்துல எடது புருவத்த ரெண்டா பொளந்துக்கிட்டு இருக்கும். அன்னிக்கி ஜெயில்ல அத நீங்க பார்க்கலயா?”

“எந்தத் தழும்பு?” என்றேன். மூன்று தடவை கையெட்டும் தூரத்தில் நின்றிருக்கிறேன். சத்தியமாக நான் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டரைத் திறந்து தேடினேன். தேதிவாரியாக எல்லாம் இருக்கும். திருட்டுக்கு எட்டு நாள் முன்பு எடுத்தது. எடுத்தபடியே ஒன்று, நான் வேலை செய்து முடித்தது ஒன்று. முதல் படத்தில் புருவத்தைப் பிளந்த தழும்பு. இரண்டாவதில் இல்லை. பருவோ தழும்போ, துடைக்காமல் ஒரு முகத்தையும் வெளியே அனுப்ப மாட்டேன்; அது என் கைவண்ணம் என்று எனக்குப் பெருமை வேறு. அந்த முகத்தைத் திரை அளவுக்குப் பெரிதாக்கி அரை மணி நேரம் தடவித் தடவித் துடைத்திருக்கிறேன். ஜெயில் வரிசையில் எனக்குத் தெரிந்த ஒரே முகம் அதுதான். கம்ப்யூட்டரில் பார்த்த அதை, பைக்கில் பார்த்ததாக என் மூளை மாற்றி வைத்துவிட்டது. அடப்பாவி, இப்படியும் செய்யுமா ஒரு மூளை! பயத்தையும் மீறி எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கண்ணை மூடி அந்தக் காலையைக் கொண்டுவந்து பார்த்தேன். பைக்கில் அந்த டிரைவரின் முகமே வந்தது, புருவம் வழுவழுவென்று.

கோர்ட்டில் இரண்டு படங்களையும் நீட்டி, “தப்பா தொட்டுட்டேன் ஐயா” என்றேன். அரசு வக்கீலுக்கு வந்ததே கோபம்! “யாரு மெரட்டுனா உங்கள?” என்று கத்தினார். என்னைப் பிறழ்சாட்சி என்று எழுதினார்கள். டீச்சரம்மா அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் செயினும் போனது, சாட்சியும் போனது. டிரைவர் விடுதலையானார்.

ஒன்றிரண்டு வருஷம் கழித்து அவரே கடைக்கு வந்தார், போட்டோ எடுக்க. ஸ்டூலில் உட்கார்ந்து, புருவத்தைத் தொட்டுக் காட்டினார்.

“இத எடுத்துடாதீங்கண்ணே. இருக்கட்டும்.”

காமிராவில் கண்ணை வைத்தேன். உடனே அந்தக் காலை வந்துவிட்டது: பைக், டீச்சரம்மாவின் அலறல், இவர் முகம். பொய் என்று தெரியும், கோர்ட்டில் நானே சொன்னேன், இருந்தும் வருகிறது.

“என்னண்ணே, பார்த்துக்கிட்டே இருக்கீங்க?”

“ஒண்ணுமில்ல, லைட்டு பத்தல.”

என் ஞாபகத்தில் பைக்கில் பறக்கிறவனுக்குத் தழும்பு இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இருக்கிறது. அதை மட்டும் பார்த்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன்.