வானத்துக்கு எடுத்துக்கொடுப்பவள்

"இப்ப ‘நம்ம’னுவான் பாருலா," என்கிறாள் பஞ்சாலை, ரப்பர் பால்மரத்தின் பட்டையைச் சீவியபடியே. இலைகளுக்கு மேலே எங்கோ போகிற விமானத்தின் ஒலிபெருக்கி, "நம்ம மக்களே..." என்கிறது. "அடுத்து பெத்தவ வருவா." பேச்சில் பெற்ற தாய் வருகிறாள். "இனி ஒரே சொல்ல மூணு வாட்டி." வெளியே வாருங்கள், வெளியே வாருங்கள், வெளியே வாருங்கள். ஆள் தெரியாத அந்தக் குரல் மர வரிசைகளுக்குள் புகுந்து மெல்ல அடங்குகிறது. பக்கத்து நிரையில் வெட்டும் ராக்கம்மாவுக்கு மயிர்க்கூச்செறிகிறது. இவள் எடுத்துக்கொடுத்துத்தான் வானம் பேசுகிறது என்று அவள் ரொம்ப நாளாகவே நம்புகிறாள்.

பஞ்சாலைக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. காது மட்டும் பொல்லாதது. காட்டுக்குள் இருக்கும் போராளிகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் கொண்டுவந்த பிறகு இந்தக் கோலா கிளாவாங் ரோட்டோரத் தோட்டத்தில் அரிசிக்குப் பஞ்சம் உண்டு, பேச்சுக்கு இல்லை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் அதிகாரிகள் பேசினார்கள். முள்கம்பி போடுவதற்கு முன்பு காட்டிலிருந்து வந்தவர்களும் அதே களத்தில் பேசிவிட்டுப் போனார்கள். இரண்டு பேருக்கும் தையல் ஒன்றுதான் என்பாள். முதலில் உறவு கொண்டாடுவது, பிறகு ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லாத ஒரு கேள்வி, பிறகு அழவைப்பது, முடிக்கும்போது பயம். அவளும் தம்பி முருகையாவும் கூட்டத்தின் கடைசியில் நின்று, அடுத்து எது வரும் என்று பந்தயம் கட்டிச் சிரிப்பார்கள்.

அந்த முருகையாதான் ஒரு நாள் காட்டுக்காரர்களின் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அவர்கள் பின்னாலேயே போய்விட்டான். எல்லா வித்தையும் தெரிந்தவன் எப்படிப் போனான் என்பது அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. எந்தப் பக்கம் போனான் என்று யார் கேட்டாலும், தெரியாது என்ற ஒரே பதில்தான்.

போன மாதம் அதிகாரிகள் சிரம்பான் டவுனுக்குக் கூட்டிப்போய் அவள் குரலைப் பதிவு செய்தார்கள். தம்பி வெளியே வந்தால் பிழைப்பான், உள்ளேயே கிடந்தால் என்றைக்காவது ஒரு குண்டு. அதற்காகத்தான் அவள் சம்மதித்தாள். பேச வேண்டியதைத் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி தங்கராஜு வாசித்துக் காட்டினார். இவளை அறிந்தவர், எங்கே சிரித்துவிடுவாளோ என்று தயங்கித் தயங்கி வாசித்தார். அவள் சிரிக்கவில்லை.

"மூணு வாட்டி சொல்றது இதுல இல்லையே கிராணி ஐயா. அதையும் போடுங்க. பயமும் பத்தாது."

"அவனுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே, பஞ்சாலை."

"தெரிஞ்சுதான் போனான். தெரிஞ்சே வரட்டும்."

இன்று காலை விமானம் தாழப் பறக்கிறது. அதிலிருந்து வரும் குரல் அவளுடையது. நிரையில் வெட்டுக் கத்திகள் நின்றுவிட்டன. ராக்கம்மா வானத்தைப் பார்க்கிறாள், வாயை மூடி நிற்கிற பஞ்சாலையைப் பார்க்கிறாள், ஓரடி பின்னால் நகர்கிறாள். மேலே அந்தக் குரல் அழுகிறது. முருகையா போன அன்றுகூட பஞ்சாலை இப்படி அழுததில்லை. "அக்கா சொன்னா கேப்பதானே?" என்கிறது. வா, வா, வா என்கிறது. ஒவ்வொரு சொல்லும் அவளே கேட்டுப் போடச் சொன்னதுதான். ஆனாலும் கேட்கக் கேட்க அவள் தலை தன்னால் ஆமாம் ஆமாம் என்று ஆடுகிறது.

விமானம் ரோட்டுப் பக்கமாகத் திரும்புகிறது. எதைக் கண்டாலும் போலீசில் போய்ச் சொல்கிற, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மணியம் நாலு மரம் தள்ளி நிற்கிறார். பஞ்சாலை தலைத்துணியை உருவி வானத்தை நோக்கி வீசுகிறாள். மறு கையை நீட்டி, மரங்களுக்கு அப்பால் தெரியும், முருகையா அன்று ஏறிப்போன கிழக்கு மலையைக் காட்டுகிறாள்.