பொத்துனு விழணும்க்கா

எங்கள் பக்கம் கல்யாணமோ காதுகுத்தோ, முதல் நாள் சாயங்காலம் பெண்களெல்லாம் பாயை விரித்துத் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். பூக் கட்டுவது, வெங்காயம் உரிப்பது, யார் வீட்டில் யார் பேசவில்லை என்பதைக் கண்டுபிடிப்பது எல்லாம் அந்தப் பாயில்தான். என் அக்கா அந்தப் பாயின் நடுவில் உட்காருகிறவள். முழங்கால் உடைந்த பிறகு அவள் கூடத்துக்குள் நுழைந்ததுமே யாராவது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட ஆரம்பித்தார்கள். நல்ல மனசோடுதான் போடுகிறார்கள், எனக்குத் தெரியும். இருந்தாலும் பார்க்கிறபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உடைந்த கதை பெரிய கதையில்லை. அக்கா இருக்கிற எறையூரில் கரும்பு அரவை நேரம். சர்க்கரை ஆலைக்குப் போகிற டிராக்டர்கள் வழியெல்லாம் கரும்பைச் சிந்திக்கொண்டு போகும். கிடந்த கரும்பின் மேல் ஸ்கூட்டர் ஏறி வழுக்கியது. முழங்கால் சில்லு இரண்டாகப் போனது. கம்பி வைத்துக் கட்டினார்கள், பிறகு அந்தக் கம்பியையும் எடுத்தார்கள். பெரம்பலூர் டாக்டர் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லாக் கூடிடுச்சும்மா. நடங்க, மாடி ஏறுங்க, நீச்சல்கூட அடிங்க" என்று சொல்லி அனுப்பினார். அக்கா நடந்தாள், மாடி ஏறினாள், கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனாள். ஆனால் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை வேண்டும். கை இல்லாவிட்டால் சுவர், சுவர் இல்லாவிட்டால் தூண். எதுவுமே இல்லாத இடத்தில் அவள் தரைக்கே போகமாட்டாள்.

"காலு வலிக்குதாக்கா?" என்று கேட்டேன்.

"வலியெல்லாம் ஒண்ணும் இல்லடி. பாதி எந்திரிக்கிறப்ப யாரோ உள்ளாரேர்ந்து புடிச்சு உக்கார வைக்கிற மாதிரி இருக்கு. பயமா இருக்குடி" என்றாள். அக்கா பயம் என்று சொல்லி என் காதால் கேட்டது அன்றைக்குத்தான்.

ஏனென்றால் இவள் யார் தெரியுமா? சின்ன வயசில் எங்கள் வயல் கிணற்றில் மோட்டார் கொட்டகைக் கூரை மேல் ஏறித் தலைகீழாகக் குதித்தவள். பாவாடையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, கையைக் கூப்பிக்கொண்டு பாய்ந்தால், தண்ணீர் ஒரு சொட்டு மேலே தெறிக்காது. ஆழத்துக்குப் போய்க் கையில் சேறு அள்ளிக்கொண்டு வந்து என் மூஞ்சியில் எறிவாள். நான் மேலே நின்று எல்லாருடைய துணிக்கும் காவல். எனக்கு நீச்சல் வரவில்லை. ஒரே ஒரு தடவை தள்ளிவிட்டார்கள். பொத்தென்று வயிறு அடிபட விழுந்தேன். வாலிகண்டபுரம் வரைக்கும் கேட்டிருக்கும் என்று இன்றைக்கும் கேலி பேசுவாள். எங்கள் கிணற்றில் அப்படி விழுவதைவிட மானக்கேடு கிடையாது.

இனி சென்னைக்கு வருகிறேன். அக்கா மகள் அங்கே வேலை பார்க்கிறாள். கடல் அலையில் பலகை மேல் நிற்கிற சர்ஃபிங் வகுப்புக்கு இரண்டு பேருக்குப் பதிவு செய்திருந்தாள், அவளுக்கும் அவளுடைய சிநேகிதிக்கும். நாங்கள் இருவரும் அவளைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில் சிநேகிதிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

"அம்மா, நீ வரியா?" என்றாள் விளையாட்டாக.

"ஊருல அலையறது போதாதுன்னு அலை மேல வேற ஏறி நிக்கணுமாக்கும்!" என்றாள் அக்கா. பிறகு சாப்பிட்டுக்கொண்டே இருந்தவள், "அது எப்படி, நின்னுக்கிட்டே ஏறுறதா, படுத்துக்கிட்டு எந்திரிக்கிறதா?" என்று கேட்டாள்.

"படுத்துக்கிட்டுத்தாம்மா. அலை வந்ததும் கையை ஊனி எந்திரிக்கணும்."

"புடிச்சுக்க ஏதாவது இருக்குமா?"

"ஒண்ணும் இருக்காது."

"சரி, நான் வரேன்" என்றாள். அரியலூரில் ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பேசுகிற நான் அன்று ராத்திரியும் வேண்டாம் வேண்டாம் என்று பேசிப் பார்த்தேன்.

மறுநாள் விடிந்ததும் போனோம். பின்னால் அடுக்குமாடி வீடுகள், பால்கனியில் காய்கிற துணி, டீக்கடை, நாய்கள், நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர்கள். முன்னால் கடல். அலை இடுப்பளவுதான். கரையிலிருந்து ரொம்ப தூரம் வரை நின்றால் மார்பு நனையாத ஆழம். புதுசாகப் படிக்கிறவர்களுக்கு இதுதான் தோதான இடம் என்றார் பயிற்சியாளர். பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர், முப்பது வயசுக்கு மேலிருக்கும், வெயிலில் தலைமுடி செம்பட்டையாகியிருந்தது. அக்காவின் வயசைக் கேட்கவில்லை. முழங்காலைப் பற்றி மகள் சொன்னதும் தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

முதலில் மணலில் பாடம். பலகையின் வடிவத்தை விரலால் வரைந்து அதில் குப்புறப் படுக்கச் சொன்னார். அவர் "எந்திரி" என்றதும் இரண்டு கையையும் ஊன்றி ஒரே மூச்சில் எழுந்து நிற்கவேண்டும். மகள் சட்டென்று எழுந்தாள். வகுப்புக்கு வந்திருந்த கல்லூரிப் பையன்கள் எழுந்தார்கள். அக்கா முட்டி வரைக்கும் வந்தாள். அங்கேயே நின்றாள். கை தானாகப் பக்கத்தில் துழாவியது. மணலில் பிடிக்க என்ன இருக்கிறது? திரும்ப உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிக்கா" என்றார் அவர். மறுபடி முட்டி. மறுபடி உட்கார்ந்தாள். சுற்றி நின்ற பையன்கள் நல்ல பிள்ளைகள், வேறு பக்கம் பார்த்தார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது. அக்காவின் முகம் சிவந்துவிட்டது.

"பரவால்லக்கா. படுத்துக்கினே போலாம், முட்டி போட்டும் போலாம். எல்லாமே சர்ஃபிங்தான்" என்றார்.

"படுத்துக்கிட்டுப் போறதுக்கு நான் எறையூர்லேர்ந்து வரணுமா தம்பி?" என்றாள் அக்கா.

பலகை, தொட்டால் அமுங்குகிற மெத்தைப் பலகை, ஆளைவிட நீளம். காலில் அதோடு ஒரு கயிறு கட்டினார்கள். தண்ணீருக்குள் இறங்கியதும் அக்கா வேறு ஆளாகிவிட்டாள். நான் அவளை அப்படிப் பார்த்து எத்தனையோ காலம் ஆகிறது. வருகிற அலைக்கெல்லாம் முகத்தைக் காட்டிக்கொண்டு, உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டு, "அடியே, கரிக்குதுடி!" என்று கத்தினாள். முதல் அலையில் படுத்தபடியே கரை வரைக்கும் வந்தாள். நான் நின்ற இடத்துக்கே வந்து சேர்ந்து, வாயெல்லாம் பல்லாக என்னைப் பார்த்தாள். எனக்கே பொறாமையாக இருந்தது.

அடுத்த அலையில் எழுந்திருக்கப் பார்த்தாள். வினை அங்கேதான் வந்தது. கையை ஊன்றி முட்டிக்கு வந்தாள், பலகை ஆடியது, அவ்வளவுதான். கிணற்று மேட்டில் நிற்கிறோம் என்று அவள் உடம்பு முடிவுசெய்துவிட்டது. இரண்டு கையும் கூப்பிக்கொண்டு, தலை கீழே, கால் மேலே, அம்பு மாதிரி பாய்ந்தாள். அழகான பாய்ச்சல், சொட்டுத் தண்ணீர் தெறிக்கவில்லை. ஆனால் கிணறு இல்லையே அது! இடுப்பளவுத் தண்ணீர்!

செருப்போடு தண்ணீருக்குள் ஓடினேன். பயிற்சியாளர் எனக்கு முன்னால் ஓடி அவளைத் தூக்கினார். நெற்றியில் மணல் தேய்த்து ரத்தம் கசிந்திருந்தது. மூக்கில் மணல், வாயில் மணல். கழுத்தைத் திருப்பச் சொன்னார், விரலை அசைக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"இன்னாக்கா இது, கெணறா? தலை கீழ போச்சுன்னா கழுத்து ஒடஞ்சிரும்க்கா! போதும், மேல வாங்க."

"தெரியாம வந்துருச்சு தம்பி. இனிமே பண்ணமாட்டேன்."

அவள் கெஞ்சியதில் இன்னும் ஒரே தடவை என்று விட்டார். ஆனால் அடுத்த அலையிலும் பண்ணினாள். தெரிந்து செய்தால்தானே நிறுத்த முடியும்? அவர் பலகையின் வாலைப் பிடித்துக்கொண்டே வந்ததால் பாதியில் அவளைப் பிடித்துவிட்டார். கயிற்றைக் காலிலிருந்து அவிழ்த்துவிட்டார். மகள், "அம்மா, விடும்மா, போதும்" என்று கெஞ்சினாள். அக்கா ஈர மணலில் நின்றுகொண்டு யாரையும் பார்க்காமல் கடலையே பார்த்தாள். அவளுக்கு அழத் தெரியாது. அன்றைக்கு உதடு துடித்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அவங்க என்னா செய்யணும், அதச் சொல்லுங்க தம்பி. நான் செய்ய வைக்கிறேன்" என்றேன் பயிற்சியாளரிடம்.

"பொத்துனு விழணும்க்கா. பின்னாடியோ பக்கவாட்டுலயோ, அப்படியே உக்காந்தாப்புல. தலை மட்டும் உள்ள போகக்கூடாது. அது வந்துச்சுன்னா போர்ட தரேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொத்தென்று விழுவதா? இந்த உலகத்தில் தண்ணீரில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதானே! சுடிதாரோடு முழங்கால் தண்ணீர் தாண்டிப் போனேன். "அக்கா, பாரு" என்று சொல்லிவிட்டு, கையைக் காலை விரித்து, அப்படியே பின்னால் சாய்ந்து விழுந்தேன். டமார் என்று சத்தம். நடைப்பயிற்சிப் பெரியவர்கள் நின்று பார்த்தார்கள்.

"சீ, எருமை" என்றாள் அக்கா.

"எருமைதான். எருமைக்குக் கழுத்து நல்லாத்தானே இருக்கு? நீ விழு."

அவளால் முடியவில்லை. சாய்வாள், கடைசி நொடியில் உடம்பு தானாகத் திரும்பும், கை கூப்பிக்கொள்ளும். "முதுகுல அடி வாங்க மாட்டேன்னு ஒடம்பு சொல்லுதுடி" என்றாள். நன்றாக விழத் தெரிந்தவளுக்கு மோசமாக விழ வரவில்லை. நான் அவள் இரண்டு கையையும் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம். பொத்து. எழுந்து மறுபடி, பொத்து. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறிக் கண்ணெல்லாம் எரிந்தது. எனக்குக் கடல் பயம் என்பதே அப்போது நினைவில் இல்லை. சிரித்துச் சிரித்து வயிறு நோக, ஒரு சமயம் நான் கையை விட்டுவிட்டேன். அவள் தனியாக விழுந்தாள். மல்லாந்து, கால் இரண்டும் வானத்தைப் பார்க்க, மானம் போகிற மாதிரி. கிணற்று மேட்டில் என்றால் ஊரே கைகொட்டியிருக்கும்.

"இதான்க்கா, இதான்!" என்று கத்தினார் அவர்.

வெயில் ஏறிவிட்டது. காற்று எழும்பினால் அலை கலைந்துவிடும், இன்னும் கொஞ்ச நேரம்தான் என்றார். கயிற்றை மறுபடி காலில் கட்டினார். முதல் அலையில் அக்கா முட்டிக்கு வந்து பொத்தென்று விழுந்தாள். அடுத்ததில் ஒரு பாதம் ஊன்றிப் பொத்தென்று விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் மேலே வந்து முடியை ஒதுக்கிக்கொண்டு, "விழுந்துட்டேன்டி!" என்று எனக்குச் சொல்வாள், பரிசு வாங்கியவள் போல.

பிறகு வந்த அலை மற்றதைவிடக் கொஞ்சம் உயரம். அவர் பலகையைத் தள்ளிவிட்டு, "எந்திரி! எந்திரி!" என்றார். மகள் கத்தினாள், கல்லூரிப் பையன்களும் கத்தினார்கள். அக்கா கையை ஊன்றினாள். முட்டியில் நிற்கவே இல்லை. நேராகப் பாதம். இடுப்பு கோணலாக, பின்பக்கம் தள்ளிக்கொண்டு, கை இரண்டும் காக்காய் ஓட்டுகிற மாதிரி விரிந்திருக்க, என் அக்கா தண்ணீர் மேல் நின்றாள். நின்று, நின்று, நின்றுகொண்டே கரையை நோக்கி வந்தாள். அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் என் வாழ்நாளில் நான் பார்த்ததில் அதைப் போல ஒன்று கிடையாது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

முழங்கால் தண்ணீருக்கு வந்ததும் பலகை மணலில் தட்டியது. அவள் பின்னால் சரிந்து உட்கார்ந்தாள், பொத்தென்று. எல்லாரும் கைதட்டினார்கள். மகள் தன் பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். பயிற்சியாளரும் சிரித்துக்கொண்டே வந்து, "சூப்பர்க்கா! இன்னிக்கு இதோட முடிச்சுக்கலாம்" என்றார்.

"என்னாது, முடிக்கிறதா?" என்றாள் அக்கா, தண்ணீரில் உட்கார்ந்தபடியே. "இப்பத்தான் ஒடம்புக்குப் புரிஞ்சிருக்கு, முடிக்கிறேன்னா என்னா தம்பி அர்த்தம்? இன்னும் ஒரே ஒரு அலை." அவர் வெயிலைக் காட்டினார், காற்றைக் காட்டினார். இவள் விரலை நீட்டி வாதாடினாள். வாதாடிக்கொண்டே வலது காலை மடக்கினாள், இடது பாதத்தை மணலில் அழுத்தினாள், எழுந்து நின்றாள். யார் கையையும் பிடிக்கவில்லை, எதையும் துழாவவில்லை, கீழே பார்க்கவும் இல்லை. நின்றுகொண்டு அவரிடம் பேசிக்கொண்டே இருந்தாள்.

அவள் அலை மேல் நின்றதை அந்தக் கடற்கரையில் எல்லாரும் பார்த்தார்கள். மகள் அதைப் போனில் எடுக்காமல் விட்டோமே என்று புலம்பினாள். தரையிலிருந்து எதையும் பிடிக்காமல் எழுந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். அக்காவுக்கே தெரியாது. எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் யோசிக்க ஆரம்பித்துவிடுவாளே என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, வாயை மூடிக்கொண்டேன்.