மணலுக்குப் போட்ட டயர்

எனக்கு ஓரிடத்தில் இருக்க வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அதுதான் காரணம். மூளை இல்லாமல் இல்லை, வாங்குப் பலகையில் குந்தியிருக்க முடியவில்லை. தகப்பனோடு, எங்கள் பேச்சில் அப்புவோடு, கரைவலைக்குப் போனேன். அங்கே அதைவிட மோசம். வள்ளத்தில் போய் வலையை அரைவட்டமாகக் கடலில் வளைத்துவிட்டு, இரண்டு பக்கமும் கயிறு பிடித்துக் கரைக்கு இழுக்க வேண்டும். அடி அடியாக இழுக்க வேண்டும். கடலிடம் போய் அவசரம் சொல்ல முடியுமா? ஒரு நாள் கையிலிருந்த கயிற்றைப் போட்டுவிட்டு, மீன் ஏற்ற வந்து றோட்டில் நின்ற லொறியில் ஏறிவிட்டேன்.

அந்த வலை அப்புவின் சொந்த வலை. வடமராட்சி கிழக்குக் கரையில் அவர் சம்மாட்டி. வலை, வள்ளம், கரையோரத்தில் ஓலையால் வேய்ந்த வாடி எல்லாம் அவருடையவை.

பிறகு நடந்ததைச் சொன்னால் பெருமையடிக்கிறான் என்பார்கள். அடிக்கத்தான் செய்வேன். கிளீனராக ஏறியவன் லொறிக்குச் சொந்தக்காரன் ஆனேன். அச்சுவேலியில் டயர்க்கடை போட்டேன். தேய்ந்த டயருக்குப் புதுத் தோல் ஒட்டுவதில் என்னை வெல்ல அந்தப் பக்கத்தில் ஆளில்லை. சண்டிலிப்பாய்ப் புகையிலைக்காரரும் என்னிடந்தான் வருவார்கள். கல்வீடு கட்டினேன். எல்லாரும் வந்து பார்த்தார்கள், அப்பு வரவில்லை. குடிபுகுந்த அன்று அவரிடமிருந்து ஒரு பெட்டி பாரை மீன் மட்டும் வந்தது. வாடியை விட்டு அவர் தார் றோட்டுக்கே வருவதில்லை. வீட்டையும் கடையையும் தூக்கிக்கொண்டு அவரிடம் போகவா முடியும்?

அப்போதுதான் அந்தக் கார் கிடைத்தது. வெளியிலிருந்து சாமான் வருவதை அரசாங்கம் நிறுத்தியிருந்த காலம். ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரை விற்ற ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, மடக்குகிற கன்வஸ் கூரை. உள்ளே இருந்து கையை விட்டால் றோட்டைத் தொடலாம், அவ்வளவு தாழ்வு. அதைக் கடற்கரைத் திருப்பத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அப்புவை வந்து பார்க்கும்படி அத்தானிடம் சொல்லி அனுப்பினேன். அக்காவின் புருஷன், அப்புவின் வலையில்தான் வேலை. அவர் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"காரெண்டால் ஓடுமெல்லோ, ஓடி வரட்டும் இஞ்சை எண்டு சொல்லுறார்."

றோட்டிலிருந்து வாடிக்கு அரைக் கட்டை, அதாவது அரை மைல் தூரம். முழுக்க வெள்ளை மணல். ஐஸ் லொறிகூட இறங்காது. அந்தக் காரின் ஒடுக்கமான டயர் மணலில் கத்தி மாதிரி இறங்கிவிடும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்கு வந்து டயர் அடுக்கையெல்லாம் குடைந்தேன். பழைய வான் ஒன்றின் டயர் நாலு அகப்பட்டது. உள்வட்டம் காரின் ரிம்முக்குச் சரி, அகலம் மட்டும் நல்லாய்க் கூட.

பக்கத்துக் கராச் மெக்கானிக் வாய்க்காரன். பார்த்த உடனே தொடங்கிவிட்டான்.

"அண்ணை, என்ன செய்யிறியள்? ரிம் ஒடுக்கம், டயர் அகலம். நோஞ்சானுக்குச் சண்டியன்ரை சட்டையைப் போட்ட மாதிரிக் கிடக்கு."

"டயரைப் பற்றி எனக்கே பாடமோ?"

"முன்னுக்கு வளைக்கேக்கை மட்காட்டிலை உரசும். காத்து இறுக்கமா நிண்டால் ரிம்மைப் பிடிச்சுக்கொண்டு நிக்கும். காத்தை இறக்கினியளோ, கழண்டு போம். ஒரு கிழமை பொறுங்கோ, ரிம்மை வெட்டி அகலமாக்கி ஒட்டித் தாறன்."

"ஒரு கிழமையோ? நாளைக்கு விடிய நான் போறன்."

"போங்கோ, போங்கோ. வரேக்கை கயிறு கட்டித்தான் வருவியள்."

மட்காட்டின் ஓரத்தைச் சுத்தியலால் உள்ளே மடித்தேன். கடைசிவரை உரசவில்லை. அதை அவன் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. டயர்கள் ஏறின, ஆனால் ஒடுக்கமான ரிம் அவற்றின் பக்கங்களை இறுக்கியதில் நடு மட்டும் பிதுங்கி நிலத்தில் பட்டது. ஓரங்கள் தூக்கிக்கொண்டு நின்றன. பரவாயில்லை என்று விட்டேன்.

விடிந்ததும் மணலில் இறக்கினேன். கொஞ்சம் போனதும் புதைந்தது. மணலில் ஓட வேண்டுமென்றால் டயரில் காற்றை இறக்க வேண்டும், லொறிக்காரன் எவனைக் கேட்டாலும் சொல்லுவான். ஒடுக்கமான ரிம்மில் காற்றை இறக்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியாததல்ல. அதற்காகத் திரும்பிப் போவதா? நாலு டயரிலும் காற்றைத் திறந்துவிட்டேன். பிறகு பார்க்க வேண்டுமே! அகலமாய்ப் படுத்த டயர்கள் மணலுக்கு மேலேயே போயின. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் கையை எடுக்காமல் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அந்தக் கரைக்கு வந்த முதல் கார் என்னுடையதுதான்.

அப்பு கயிற்றடியில் நின்றார். வலை இன்னும் தண்ணீருக்குள். என்னைக் கண்டார். பொறு என்று கையைக் காட்டிவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொறுத்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இழுக்கிறார்கள், இழுக்கிறார்கள், வலை வருவதாகக் காணவில்லை. அப்பு திரும்பிப் பார்க்கவுமில்லை. என்னால் எவ்வளவு நேரம் இருக்க முடியும்? அலை நனைத்த இறுகிய மணலில் இறக்கி ஒரு வட்டம் அடித்தேன். கயிற்றில் நின்றவர்கள் கத்தினார்கள்.

"சம்மாட்டி, உங்கடை மோன் கரையிலை வலை வளைக்கிறான்!"

அப்பு அப்போதும் திரும்பவில்லை. இரண்டாவது வட்டத்தை இன்னும் இறுக்கி வளைத்தேன். பின்பக்கம் "பொத்" என்றது. கார் இடப்புறம் சரிந்து நின்றது. டயர் ரிம்மை விட்டுக் கழன்று, டியூப் வெளியே பிதுங்கிக் கிடந்தது.

அடுத்த அலை சக்கரச் சில்லைச் சுற்றியிருந்த மணலை அரித்துக்கொண்டு போனது. ஜாக்கியை வைத்தேன், அது மணலுக்குள் இறங்கியது. பலகையை வைத்தேன், பலகையும் இறங்கியது. ஒவ்வொரு அலைக்கும் கார் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. அங்கும் இங்கும் ஓடிக் கூப்பிட்டேன். மீன் நிறைந்த வலைமடி கரையேறும்வரை ஒருவர்கூடக் கயிற்றை விடவில்லை.

அதற்குப் பிறகுதான் அப்பு வந்தார். காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"உது என்னடா, செருப்பைக் கழட்டிப்போட்டு நிக்குது?"

"டயர் கழண்டு போச்சு, அப்பு."

"நீ டயர்க்கடைக்காரன் எல்லோ?"

அத்தான்தான் முதலில் சிரித்தார். அப்பு சிரிக்கவில்லை. "கயிறைக் கொண்டு வாங்கோடா" என்றார். முன்பக்கத்தில் வலைக்கயிறு கட்டினார்கள். சில்லுகளுக்குக் கீழே பனையோலை போட்டார்கள். உள்ளே இருந்து திருப்ப ஓராள் வேண்டுமே என்று நான் கதவைத் திறந்தேன்.

"நீ இறங்கு. நீ இருந்தால் இன்னொரு வட்டம் அடிப்பாய். போய்க் கயிறைப் பிடி."

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே குனிந்து உள்ளே இறங்கினார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்தார்.

"சுக்கான் மாதிரித்தானே?"

"ஓம் அப்பு. திருப்பின பக்கம் போகும்."

இழுத்தோம். அவர்கள் வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டைப் பாடினார்கள். அந்த இடத்திலேயே கட்டிய ஒரு அடியில் என் டயரும் வந்தது, அதை இங்கே எழுத முடியாது. அப்பு முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, மேடு பள்ளம் பார்த்துத் திருப்பினார். நன்றாகவே திருப்பினார். என் உள்ளங்கை தோலுரிந்தது. றோட்டோரம் வந்தபோது நான் மணலில் விழுந்து கிடந்தேன், அவர் காரைவிட்டு இறங்கவில்லை.

கழன்ற சில்லை எடுத்துவிட்டு, காரோடு வந்த ஸ்பெயார் சில்லை, அதன் பழைய ஒடுக்க டயரோடு, மாட்டினேன். மற்ற மூன்றுக்கும் கைப் பம்பால் காற்று அடித்தேன். அவ்வளவு நேரமும் அவர் உள்ளேயே இருந்தார்.

"மற்றப் பக்கம் இருங்கோ அப்பு, நான் ஓட்டவேணும்."

கியர்க் கம்பியைத் தாண்டி அப்படியே அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார். தார் றோட்டில் எடுத்தேன். மூன்று அகல டயர், ஒன்று ஒடுக்கம். கார் ஒரேயடியாக இடப்பக்கம் இழுத்தது. பிடித்துப் பிடித்து மெதுவாக ஓட்டினேன். கொஞ்சத் தூரம் போனதும் அப்பு என் பக்கம் திரும்பினார்.

"உவ்வளவுதானோ உதின்ரை ஓட்டம்? எங்கடை வள்ளம் பாய் விரிச்சால் இதிலும் கெதியாப் போகும்."

ஸ்டியரிங்கை வலப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து, பறந்துவிடாமல் மடியில் அமுக்கி வைத்துக்கொண்டார்.