இடது பின்கதவில் ஒரு கழுதை

லாலாகுடாவில் ஒரு பாடி ஷாப்பில் பெயின்ட் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்கு வேலை போகப் பார்த்தது. காரணம், ஒரு வெள்ளைக் காரின் இடது பின்கதவு.

ஷாப் முதலாளி செல்வராஜ் அண்ணன், தாத்தா காலத்திலிருந்தே செகந்தராபாத் தமிழர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டை அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். கழற்றி எடுத்துப்போய்க் காட்டினேன். அண்ணன் அதில் கை துடைக்கவில்லை, அவ்வளவுதான் மரியாதை. அன்று அவர் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்று. வண்டியிலிருந்து கழற்றிய கதவுகள் மாறிப்போகாமலிருக்க, நசுங்கிய இடத்தில் ஆணியால் பெயரும் எந்தக் கதவு என்பதும் கீறிவைக்க வேண்டும். எப்படியும் மேலே பூசும் புட்டி மாவு மூடிவிடும். அவர் தமிழில் கீறுவார். வேறு ஷாப்காரன் எவனும் உரிமை கொண்டாட முடியாதாம்.

அந்த வெள்ளைக் காரை அல்வாலிலிருந்து ரிட்டயர்டு சுபேதார் ஒருவர் ஓட்டிவந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். கதவில் பெயின்ட் காய்ந்த ஏரி மாதிரி வெடித்திருந்தது. வெடிப்பில் கொஞ்சம் புட்டி இழுத்து, கலர் அடித்து நாளைக்கே தந்துவிடலாம் என்றார் அண்ணன். நான் சும்மா இருந்திருக்கலாம். மேலே அடித்தால் மறுபடியும் வெடிக்கும், தகரம் தெரியும்வரை தேய்க்க வேண்டும் என்று பாடம் ஒப்பித்தேன். அதுவும் கஸ்டமர் எதிரில்.

சுபேதார் குஷியாகிவிட்டார். "தம்பி சொல்ற மாதிரியே பண்ணுங்க. டாக்டர் வெச்சிருந்து எனக்கு வித்த வண்டி இது. ஒரு இடத்துலகூட இடிச்சது கிடையாது."

அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "தேய்டா. உள்ள நல்ல தகரம்தான் இருந்துச்சுன்னா நாளைலேர்ந்து நக்கோ, வராத. வீட்ல சர்டிபிகேட்டப் பார்த்துக்கிட்டு இரு."

தேய்க்கிற சாண்டர் மெஷினை ஓட்டினேன். பெயின்ட் போனது, புட்டி வந்தது. வந்துகொண்டே இருந்தது. சப்பாத்தி கனத்துக்குப் புட்டி. காந்தம் வைத்தால் நிற்காமல் விழுந்தது. நசுங்கலைத் தட்டி எடுக்காமல் புட்டியாலேயே ரொப்பியிருந்தான் எவனோ. என் வேலை பிழைத்தது. சுபேதார் டாக்டர் பேச்சை விட்டுவிட்டார்.

அண்ணனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பாத்தீங்களா சார், எந்தக் கழுதையோ பண்ண வேலை. இவனுங்களாலதான் எங்க தொழிலுக்கே கெட்ட பேரு."

கடைசிப் புட்டியும் போய்த் தகரம் தெரிந்தது. தகரத்தில் எழுத்து. வீட்டுக்கு வரும் காகிதங்களையெல்லாம் நான்தான் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டுவேன். அந்தப் பழக்கத்தில் படித்துவிட்டேன்.

"செல்வா. இடது பின்."

சாண்டர் நின்றிருந்ததால் நன்றாகவே கேட்டது. அண்ணன் குனிந்தார். விரலால் தூசியைத் துடைத்துப் பார்த்தார்.

"ஹவ்," என்று ஊர்ப் பாஷையில் ஆமாம் போட்டார். "கழுதை நான்தான்."

சுபேதார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அண்ணன் தன் கையாலேயே நசுங்கலை உள்ளிருந்து சுத்தியலால் தட்டி எடுத்தார், மெல்லிசாகப் புட்டி வைத்தார். ப்ரைமர், கலர், கிளியர் எல்லாம் முடிய மூன்று நாள். மூன்று நாளும் அந்த ஸ்டூலில் சுபேதார்.

முதல் நாள் சாயங்காலம் கை கழுவிக்கொண்டிருந்தேன். தப்பிய வேலை என் வாயால் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அண்ணன் என்னைப் பார்க்காமலே சொன்னார். "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு. இனிமே எதப் படிச்சாலும் வாய்க்குள்ள படி."

இப்போது நானும் ஆணியால் பெயர் கீறுகிறேன், தமிழில்தான். பூசப் புட்டியைக் கையில் எடுக்கும்போது மட்டும், என்றைக்காவது ஒருவன் இதைத் தேய்த்து, கஸ்டமர் எதிரில் உரக்கப் படிப்பான் என்ற நினைப்பு வரும். உடனே சுத்தியலைத் தேடிப் போய்விடுவேன்.